அட்வான்ஸ் கரைவதற்கு முன்னால்: வாடகைக்கு விடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

கேள்வி: தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒன்றில் இருந்தவர் நான்கு மாத வாடகையும் கரண்ட் பில்லும் பாக்கி வைத்துவிட்டுக் காலி செய்துவிட்டார். மூன்று மாத அட்வான்ஸ் போதவில்லை. அவர் வீட்டு பாத்ரூமுக்கு நேர் கீழே எங்கள் சீலிங்கில் ஈரம் படர்ந்திருக்கிறது. அது எப்போது தொடங்கியது என்றும் தெரியவில்லை. அடுத்தவருக்கு விடுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அட்வான்ஸ் கணக்கைச் சரியாகப் பார்த்துவிடுவோம். வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 36,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம். அதில் 12,000 போய்விடும். கரண்ட் பில், சின்னச் சின்ன ரிப்பேர் என்று 4,000. மிச்சம் 20,000. அதாவது, மூன்று மாதப் பாதுகாப்பு என்று நீங்கள் நினைப்பது உண்மையில் இரண்டு மாதத்துக்குக்கூட வராது. 'பாவம், அடுத்த மாசம் தந்துவிடுவார்' என்று மூன்றாவது மாதம் வரை பொறுத்தால், அதற்குப் பிறகு அவர் தங்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் கைக்காசு.

அதற்காக அட்வான்ஸைப் பத்து மாதமாக உயர்த்துவது சரியான வழியல்ல. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் (2017இல் இயற்றப்பட்டது), ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. தொகையைக் கூட்டுவதைவிட, பாக்கி விழுந்ததும் காலத்தோடு நடவடிக்கை எடுப்பதுதான் பலன் தரும். அப்படி எடுக்க உங்கள் கையில் முறையான காகிதம் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாத ஒப்பந்தம் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கவே 11 மாதம் போடுகிறோம். அது சரி. ஆனால் நகர்ப்புறங்களில் 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். இது வேறு பதிவு. தமிழக அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பித்து, ஒப்பந்தத்தையும் இரு தரப்பு அடையாள ஆவணங்களையும் ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். இந்த எண் இல்லாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கக் கூடாது என்பது சட்டம். வழக்கு என்று வந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது மிகவும் வேதனையானது. அதனால் கையெழுத்தான அதே வாரத்தில் பதிந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ், தேதி எல்லாம் எப்படியும் இருக்கும். விடுபட்டுப் போவது வேறு சில: ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை உயரும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு (இரண்டு மாதம் நியாயமானது), தண்ணீர், மெயின்டனன்ஸ் யார் பொறுப்பு, பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடித்தம், உள்வாடகைக்கு விடக் கூடாது, குடியிருப்புக்கு மட்டும்தான். கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயமல்ல. வீட்டு இணைப்பில் டெய்லரிங் யூனிட்டோ கேட்டரிங்கோ நடந்தால், மின்வாரியம் அபராதம் போடுவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு.

வருபவரைப் பற்றி விசாரிக்கத் தயங்காதீர்கள். வேலை அடையாள அட்டையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கேளுங்கள். வாடகை அவருடைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பாக்கி விழும் வாய்ப்பு அதிகம். இப்போது இருக்கும் வீட்டின் உரிமையாளரிடம் பேசுவது நல்லதுதான். ஆனால் அவர் இவரை அனுப்பினால் போதும் என்று நல்லபடியாகச் சொல்லிவிடலாம். அதற்கு முந்தைய வீட்டுக்காரர் மனம்விட்டுப் பேசுவார். காவல்துறை இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம்.

இனி அந்த ஈரம். அதைச் சரி செய்யாமல் யாருக்கும் சாவி கொடுக்காதீர்கள். போர்ஷன் காலியாக இருக்கும் இந்த நேரம்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க ஏற்றது. கீழே சீலிங்கில் ஈரம் படர்ந்த விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மேலே யாரும் தண்ணீர் புழங்காமல் நான்கைந்து நாள் விடுங்கள். அப்போதும் ஈரம் காயாமல் பரவினால் சுவருக்குள் போகும் சப்ளை பைப்பில் கசிவு. டைல்ஸைத் தொட்டுப் பயனில்லை. காய ஆரம்பித்தால் தரையிலோ கழிவுநீர்ப் பைப்பிலோ கோளாறு. அதை உறுதி செய்ய, நஹானி ட்ராப்பின் (பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் துளை) வாயை ஈரத்துணி சுற்றிய பாலிதீன் பையால் இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கி, கீழே ஈரம் கோட்டைத் தாண்டினால் டைல்ஸ் இடுக்கும் ட்ராப்பைச் சுற்றிய பூச்சும்தான் காரணம். மட்டம் அப்படியே இருந்து, அடைப்பை எடுத்து வடியவிட்ட பிறகு ஈரம் வந்தால் ட்ராப்புக்குக் கீழே உள்ள பைப் இணைப்பைப் பாருங்கள்.

இடுக்குகளில் வெள்ளை சிமென்ட்டைத் தேய்த்துவிட்டுப் போகும் வேலை சில மாதம்கூடத் தாங்காது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து எபாக்ஸி கிரவுட் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும், தண்ணீர் புகாத ரெசின் கலவை) போடச் சொல்லுங்கள். அதிலும் நிற்காவிட்டால் டைல்ஸைப் பெயர்த்து வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், சுவரிலும் ஓரடி உயரம் ஏறும்படி அடிக்க வேண்டும். செலவுதான். ஆனால் சீலிங் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர ஆரம்பித்தால் ஆகும் செலவு இதைவிடப் பல மடங்கு. கீழே நன்றாகக் காயும் வரை பெயின்ட் அடிக்க வேண்டாம், உப்பிக்கொண்டு உரியும்.

சாவி கொடுக்கும் நாளில் புதியவரை வைத்துக்கொண்டே வீடியோ எடுங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஃப்ளஷ் அழுத்தி, ஃபேன், கீசர், ஜன்னல் கொக்கி வரை காட்டி எடுத்து, அன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும். இது அவருக்கும் பாதுகாப்பு. முன்பே இருந்த விரிசலுக்கு அவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? ஃபேன் எத்தனை, சாவி எத்தனை என்ற பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு இருப்பது மிக முக்கியம். யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறுவதால், ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம் இருந்தால் இருவருக்குமே பில் எகிறும், சண்டையும் வரும். வாடகைக்கு இருப்பவர் போர்ஷனின் இணைப்பு எண்ணுக்கு உங்கள் மொபைல் எண்ணைப் பதிவு செய்து வையுங்கள். பில் கட்டாத விஷயம் உங்களுக்குக் குறுஞ்செய்தியிலேயே தெரிந்துவிடும்.

வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள்; ரொக்கமானால் ரசீது கொடுங்கள். முதல் மாதம் தவறினால் போனில் பேசுங்கள், பேசியதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். இரண்டு மாத பாக்கி ஆனவுடன் வக்கீல் மூலம் நோட்டீஸ் போக வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை அணுகச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுவதும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் செல்லாது. உங்களுக்கும் பணம் வந்துவிடும். என்ன கோபம் இருந்தாலும் கரண்டையோ மோட்டாரையோ நிறுத்தாதீர்கள். அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதைச் சட்டம் நேரடியாகத் தடை செய்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் புகார் உங்கள் மேல் திரும்பும்.

காலி செய்யும் நாளில் சாமான்கள் வண்டியில் ஏறிய பிறகு, வெறும் வீட்டில் பழைய வீடியோவையும் பட்டியலையும் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போடுங்கள். பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் பில் நகல் கொடுத்து, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் வங்கி வழியாகத் திருப்பித் தந்துவிட வேண்டும். இதுவும் சட்டம் சொல்லும் கெடுதான். அடுத்தவர் வருவதற்குள் வாசல் பூட்டை மாற்றிவிடுங்கள்.