தாத்தாவின் மவுத் ஆர்கன் என்ன விலை போகும்?

கேள்வி: ஏற்காடு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த என் தாத்தாவின் மவுத் ஆர்கன், சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது. ஹோனர் ‘64 குரோமோனிகா’. பட்டனை அழுத்தினால் திரும்பி வரவில்லை. சில துளைகளில் சத்தமே இல்லை. பழைய சாமான் வாங்குகிறவர் ஒரு விலை சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைக்கவோ, பட்டனில் தேங்காய் எண்ணெய் விடவோ வேண்டாம். பழைய குரோமோனிகாவில் ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு) தகடுகளுக்கு நடுவே இருப்பது பேரிக்காய் மரத்தில் செய்த சட்டம். தண்ணீர் பட்டால் உப்பும், காயும்போது வெடிக்கும். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து, காற்று வீணாகாமல் தடுக்கும் மெல்லிய வால்வுகள் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் வயதுக் கணக்கை விட்டுவிடுங்கள். ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் 1857இல் தொடங்கிய ஹோனர், குரோமோனிகாக்களை ஏராளமாகச் செய்து விற்றது, இன்றும் செய்கிறது. ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற முத்திரை இருப்பதாலேயே அரிய பொருளாகிவிடாது. விலையைத் தீர்மானிப்பது ஊதும் காற்று வீணாகாமல் ரீடுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான்.

அதற்கு மரத்தைப் பார்க்க வேண்டும். வாய் வைக்கும் தகட்டின் முன்பக்கம் இரண்டு ஸ்குரூ இருக்கும். வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்துக் கழற்றுங்கள். பட்டனோடு நகரும் ஸ்லைடின் பாகங்களை, வந்த வரிசையிலேயே துணியில் வையுங்கள். பட்டனைத் தள்ளும் சின்ன ஸ்பிரிங் எகிறி ஓடிவிடும், கவனம். அநேகமாகக் காய்ந்த எச்சில்தான் ஸ்லைடைப் பிடித்து வைத்திருக்கும். அந்த உலோகத் துண்டுகளை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தால் போதும்.

இப்போது டார்ச் அடித்து மரத் தடுப்புகளைப் பாருங்கள். ஏற்காட்டின் பனியில் உப்பி, சேலத்து வெயிலில் சுருங்கிய மரம் இது. ஏற்காட்டு வீடு ஒன்றில் நான் பார்த்த கருவி வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே மூன்று தடுப்புகளில் தலைமுடி கனத்தில் கீறல். ஒரு துளையில் ஊதினால் பக்கத்துத் துளையிலிருந்து ‘உஸ்’ என்று காற்று வந்தது. அப்படிப்பட்டதற்கு நான் நல்ல விலை சொல்லமாட்டேன்.

மரம் சரியாக இருந்தால் மாட்டிவிட்டு, வாய் படும் இடத்தைத் துடைத்து, சட்டைப் பையில் கால் மணி நேரம் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த கருவியில் மூச்சின் ஈரம் படிந்து வால்வு ஒட்டும். நல்ல ரீடும் ஊமையாகத் தெரியும். பெயரிலுள்ள 64 என்பது ரீடுகளின் எண்ணிக்கை. 16 துளை, ஒவ்வொன்றிலும் ஊதினால் ஒன்று, இழுத்தால் ஒன்று, பட்டனை அழுத்திக்கொண்டு இன்னும் இரண்டு. அறுபத்து நான்கையும் மெதுவான மூச்சில் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது, தன் சுருதியைத் தானே காட்டிக்கொடுப்பது. இடப்பக்கத்து முதல் நான்கு துளைகளில் ஊதினால் ஸ, க, ப, மேல் ஸ. இழுத்தால் ரி, ம, த, நி. ஐந்தாவதில் ஊதினால் அதே மேல் ஸ. நான்காவதில் பட்டனை அழுத்திக்கொண்டு இழுத்தால் நி அரைச் சுரம் ஏறி, அதுவும் அதே ஸ. மூன்று வெவ்வேறு ரீடுகள், ஒரே சுரம். ஒன்று மட்டும் நன்றாக இறங்கி ஒலித்தால், அந்த ரீடில் வெடிப்பு இருக்கலாம். அதை மாற்ற வேண்டிவரும். லேசான சுருதி விலகலை, ரீடு சுரண்டத் தெரிந்த ஆர்மோனியக்காரரே சரிசெய்வார். கரகரப்பு பெரும்பாலும் வால்வுக் கோளாறு. அதற்காகப் பயப்பட வேண்டாம்.

எல்லாம் ஒலித்தாலும், இதே மாடல் புதிதாக விற்கும் விலையில் பாதிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வாங்குகிறவனாக இருந்தால் நானே அதற்கு மேல் கொடுக்கமாட்டேன். நாலைந்து ஊமை ரீடுகள் என்றால் அதிலும் பாதி. மரம் வெடித்திருந்தால் உதிரிபாக விலைதான். சேகரிப்பாளர்கள் மட்டும் மூலப் பெட்டிக்கும் உள்ளிருக்கும் காகிதத்துக்கும் கூடுதலாகத் தருவார்கள். பரணில் அந்தப் பெட்டி கிடக்கிறதா என்று இன்னொரு முறை தேடிப் பார்த்துவிட்டு, பழைய சாமான் வாங்குகிறவருக்குப் பதில் சொல்லுங்கள்.