படுவான்கரையில், 1935இல்

கடிதம்:

அன்பின் அக்கா,

எனக்கு ஊர் மண்டூர். வேலைக்குப் போய்வரும் நாட்களில் குருமன்வெளித் துறையில் பாதைக்கு (வாவியைக் கடக்கிற மிதவைக்கு) காத்துநிற்கிற நேரம்தான் யோசிக்கக் கிடைக்கிற நேரம். அண்மையில் நண்பர்களுக்குள் ஒரு கதை வந்தது, வரலாற்றில் எந்தக் காலத்தில் வாழ விருப்பம் என்று. ஒருவன் சோழர் காலம் என்றான், இன்னொருவன் இன்னும் இருநூறு வருடம் கழித்து என்றான். நான் போர்த்துக்கேயர் கோட்டை கட்டும் முன் இருந்த மட்டக்களப்பு என்றேன். கண்டி ராசா எங்கேயோ தூரத்தில், வன்னிமை என்ற ஊர்த்தலைவரும் போடிமார் என்ற பெரிய வயற்சொந்தக்காரரும் ஊரைப் பார்த்துக்கொள்ள, வயல், வாவி, தேன், தயிர், கோயில் என்று யாருக்கும் கைகட்டாத வாழ்க்கை. சாப்பாட்டில் நஞ்சில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் எந்தக் காலத்தைச் சொல்வீர்கள்? அப்போதும் பெண்ணாகவே பிறப்பீர்களா? இதைக் கேட்கலாமோ தெரியாது, கோபிக்க வேண்டாம்.

வாசகர், மண்டூர்

பதில்:

அன்பின் தம்பி,

கோபிக்க ஒன்றுமில்லை. முழுக் கடிதத்திலும் அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் சொன்ன காலத்தில் எனக்கும் பிடித்த ஒன்று இருக்கிறது, வீடு பெண்ணுக்கு என்கிற வழக்கம். குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வந்தது, கோயிலில் யாருக்கு என்ன உரிமை என்பதும் அந்தக் குடியைப் பார்த்தே தீர்ந்தது, கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அதை இங்குள்ள முக்குவர் சமூகத்தின் பேரில் முக்குவர் சட்டம் என்று சொல்லி வழக்குகளில் எடுத்துப் பேசிய ஆங்கிலேயரே 1876இல் வேறொரு கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து முடித்தும்விட்டார்கள். சட்டம் போனது, வழக்கம் போகவில்லை, இன்றைக்கும் எங்கள் பக்கம் மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி வைக்காமல் கலியாணம் பேசுவது தகப்பனுக்கு லேசான காரியமில்லை. (அந்த வீட்டுக்காகவே கட்டாருக்கும் சவூதிக்கும் போய்க் காய்கிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

ஆனால் கைகட்டாத வாழ்க்கை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற டச்சுக்காரன் கப்பலோடு மட்டக்களப்புக் கரைக்கு வந்து கண்டி ராசாவைப் பார்க்கப் போனான். அடுத்த வருடமே இன்னொரு டச்சுத் தளபதி, டி வீர்ட், இதே கரையில் கொல்லப்பட்டான். 1620களில் போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து துரத்திய முஸ்லிம்களைக் கண்டி ராசா செனரத் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார். 1628இல் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் போர்த்துக்கேயரின் கோட்டை எழும்பியது, பத்து வருடம் கழித்து டச்சுக்காரர் பீரங்கியால் அடித்து அதைப் பிடித்தார்கள். 1600இல் இங்கே பிறந்த ஒருவர் நாற்பது வயதுக்குள் இத்தனையையும் கண்ணால் பார்த்திருப்பார். காலத்தைத் தெரிவு செய்கிறபோது நாங்கள் அதில் நல்ல பத்து வருடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறோம், பிறந்தால் முழு ஆயுளையும் அல்லவா வாழவேண்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் வயல் இருக்கிறது, அதில் வேலை செய்கிற வயற்காரன் இல்லை. போடியார் இருக்கிறார், அவருடைய வட்டையில் (வயல்வெளியில்) மாரி முழுக்க யானைக்கும் பன்றிக்கும் பரணில் கண்விழித்துக் கிடந்தவனைக் காணவில்லை. சாப்பாட்டில் நஞ்சில்லை என்பது உண்மைதான், இன்றைக்கு வேளாண்மைக்கு அடிக்கிற மருந்தைப் பார்க்கையில் எனக்கும் வயிறு கலங்குகிறது, ஆனால் அந்த நஞ்சில்லாத சோறு அறுவடைக்கு முந்திய மார்கழி மாதத்தில் எத்தனை அடுக்களையில் வெந்தது என்றும் கேட்க வேண்டும். நாங்கள் இப்படி யோசிக்கிறபோது ஏனோ எல்லாரும் போடியார் வீட்டிலேயே போய்ப் பிறந்துவிடுகிறோம்! ஊரில் போடிமார் கொஞ்சப் பேர், மற்றவர்கள்தான் அதிகம்.

சரி, என்னுடைய தெரிவு. நான் 1935இல் பிறப்பேன், வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயற்காரன் ஒருவனுடைய மகளாக.

நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். 1935 இலங்கையில் பிறக்க மிக மோசமான வருடங்களில் ஒன்று. 1934, 35 மலேரியாவில் நாடு முழுக்க ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் செத்தார்கள், அந்த வருடம் பிறந்த பிள்ளைகளில் நாலில் ஒன்று முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. அதில் தப்பித்தான் நான் வளரவேண்டும். பிள்ளைப்பேறும் அப்படித்தான். 1930களில் ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் இருபதுக்கும் மேற்பட்ட தாய்மார் செத்தார்கள், அது நாடு முழுவதற்குமான கணக்கு, ஆசுப்பத்திரிக்குப் போக ஒரு வாவியையும் ஒரு சேற்றுப் பாதையையும் கடக்கவேண்டியிருந்த ஊர்களில் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பெத்தா (பாட்டி) ஏழு பெற்று நாலைப் புதைத்தவ. அவவுடைய கடைசித் தங்கச்சி ஐந்து பெற்றா, ஐந்தும் வளர்ந்து பேரப்பிள்ளை கண்டதுகள். இரண்டு பேருக்கும் ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே சோறு, வயதில்தான் பன்னிரண்டு வருட வித்தியாசம். அந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் பெத்தா தன்பாட்டில் சொல்லுவா: டிடிடி மருந்து அடிக்கிற ஆட்கள் வந்த அன்று பாயையும் பானையையும் முற்றத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள், மண்சுவர் முழுக்க வெள்ளையாய்த் தூள் படிந்து கிடந்தது, சுவரைத் துடைக்கவும் கூடாது, மெழுகவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், தை பிறந்தும் மெழுகாத வீட்டில் பொங்குவதா என்று பெத்தாவின் தாய் ஒரு பாட்டம் அழுதா. ஆனால் அந்த மாரிக்கு வீட்டில் ஒருவருக்கும் நடுக்கல் காய்ச்சல் வரவில்லை. மலேரியாவுக்கான கொய்னா குளிசை வைத்திருந்த தகரப் பேணியில் பிறகு கடுகு போட்டு வைத்தார்கள்.

நாடு முழுக்க 1946இல் இருபத்தெட்டு லட்சம் அளவில் இருந்த மலேரியா நோயாளர் 1963இல் பதினேழு பேர். பதினேழு லட்சம் இல்லை, பதினேழே பேர். (பிறகு மருந்தடிப்பைக் குறைத்து, நோய் திரும்பி வந்து, 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.) மருத்துவிச்சிமார் ஊர் ஊராகப் போனார்கள், கிராமத்து ஆசுப்பத்திரிகள் வந்தன, 1950 ஆகும்போது பிள்ளைப்பேற்றில் சாகும் தாய்மாரின் தொகை 1930களில் இருந்ததில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. கோட்டை பிடித்த கதையை நாங்கள் பாடப்புத்தகத்தில் பரீட்சைக்குப் பாடமாக்குகிறோம், பெத்தாவுக்கும் அவவின் தங்கச்சிக்கும் நடுவில் நடந்த இந்தக் கதைக்கு ஒரு பக்கம்கூட இல்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

1935 என்று சொன்னதற்கு இன்னொரு காரணம், 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வருகிறபோது எனக்குப் பத்து வயது. விபுலாநந்த அடிகள் கல்லடி உப்போடையில் சிவானந்தாவை 1929இலேயே திறந்துவிட்டார், மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இலிருந்தே இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடம் இருப்பது வேறு, காசில்லாத வீட்டுப் பெண்பிள்ளை அதற்குள் போவது வேறு. 1940களில் நாட்டுப்புறத்தில் மத்திய கல்லூரிகளைத் திறந்துகொண்டு போனார்கள். எங்கள் வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் வளவில்தான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, இன்றைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்பதும் அங்கேதான். வாசிக்கத் தெரியாத ஒரு வீட்டில் முதலாவதாக வாசிக்கிற பிள்ளையாக, தகப்பன் வயலால் வந்து திண்ணையில் குந்தியிருந்து கேட்க, பத்திரிகையை உரத்துப் படிக்கிற பிள்ளையாக இருக்க எனக்கு அவ்வளவு ஆசை. 1947 யூனில் விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேறியதையும் அடுத்த மாதமே அடிகள் மறைந்ததையும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படித்தான் படித்திருக்கும்.

அப்புறம் கூத்து. உண்மையைச் சொன்னால் இதற்காகவே நான் அந்தக் காலத்துக்குப் போவேன். சூடடித்து முடிந்த கையோடு கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பாட்டைப் பிரித்துக் கொடுப்பார், மாதக்கணக்கில் கால் பழக்கி, சதங்கை கட்டி, அடுக்கு என்ற ஒத்திகை பார்த்து, பிறகுதான் அரங்கேற்றம். வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி ஊர் முழுக்கப் பாய் போட்டு இருக்கும். பகலில் போடியாருடைய வரம்பில் மண்வெட்டியோடு நின்றவன் இரவில் கரப்புடுப்பு என்ற கூத்து உடையும் முடியுமாகக் கர்ணனாய் வருவான், விளைச்சலில் வாரம் (பங்கு) கேட்டுக் கூனி நின்ற அதே முதுகு நிமிர்ந்திருக்கும், போடியார் கீழே குந்தியிருந்து அண்ணாந்து பார்ப்பார். விடியும்வரை மத்தளம் ஓயாது. 1962இல் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போரை மேடையேற்றிய பிறகுதான் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், அது பெரிய வேலை, நான் மதிக்கிறேன். ஆனால் மேடைக்கு வருமுன், யாரும் அதைக் கலை என்று சொல்லித் தராமல், ஊர் தனக்காகவே விடிய விடிய ஆடிய கூத்தை ஓர் இரவு முழுக்கப் பார்க்க வேண்டும். இப்போது பள்ளிக்கூடங்களின் தமிழ்த்தினப் போட்டிக்கு நிமிடக்கணக்கில் வெட்டி ஆடுகிறார்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள், ஆனால் ஆட்டம் சூடேறுகிற இடத்தில் மணி அடித்துவிடுகிறது.

அந்தக் களரியிலும் எல்லாரும் சமமில்லை. யார் எந்தப் பக்கம் இருக்கலாம், யார் ஆடலாம் என்பதில் சாதியும் குடியும் இருந்தன. அந்த நல்ல வருடங்களும் எல்லாருக்கும் நல்லவையாக இருக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும் 1948இல்தான் மலையகத்து மக்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் ஒரு கடலையே கட்டிவைத்தது, அம்பாறைப் பக்கத்தில் எத்தனையோ ஏக்கர் பச்சையானது, அந்தத் தண்ணீருக்கடியில் வேடர்களுடைய வேட்டைக்காடு போனது. அதே கல்லோயாவில்தான் 1956 யூனில், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் வந்த அந்த நாட்களில், தமிழர்களைத் தேடிக் கொன்றார்கள். அப்போது எனக்கு இருபத்தொரு வயது.

முழு ஆயுளையும் வாழவேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் கணக்கை எனக்கும் போட்டுப் பார்த்தேன். 1978 நவம்பர் 23 சூறாவளிக்கு நாற்பத்துமூன்று வயது. 1990க்கு ஐம்பத்தைந்து. அந்த ஒரு வருடத்தில் இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த கொலைகளை எண்ணினால், அதற்கு முன் கண்ட நன்மையெல்லாம் வேண்டாம் என்றே சொல்லத் தோன்றும். சுனாமிக்கு அறுபத்தொன்பது. இருந்தாலும் மாற்ற மாட்டேன். அதற்குப் பின் வந்த எவருக்கும் கிடைக்காத ஒன்று அந்த மனிசருக்குக் கிடைத்தது. போன வருடத்தைவிட இந்த வருடம் பிள்ளை சாவது குறைவு என்று தங்கள் வளவுக்குள்ளேயே பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த காலத்தில் நாங்கள் யாரும் அடுத்த வருடத்தை அப்படி நம்பியதில்லை, இப்போது இருபது வயதில் இருக்கும் பிள்ளைகள் கடவுச்சீட்டைத்தான் நம்புகிறார்கள், அவர்களைப் பிழை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஓம், பெண்ணாகத்தான். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய களரியில் எனக்கு ஆட இடமில்லை, பாயில் இருந்து பார்க்கத்தான் விடுவார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்ன மாற்றத்தில் பெரிய பங்கு பெண்ணின் உடம்பில்தான் நடந்தது. பெத்தாவின் தங்கச்சிக்கு முதலாவது வலி எடுத்த அன்று பயம் இல்லாமல் இல்லை, ஆனால் தாலியையும் சாமான்களையும் தாயிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கவேண்டும் என்கிற பழைய வழக்கத்தை அவ செய்யவில்லையாம். மருத்துவிச்சி சைக்கிளில் வந்து இறங்கினாளாம், கையில் பெட்டியோடு. அந்த அறைக்குள் இருக்கிற பெண்ணாக நான் இருக்க விரும்புகிறேன்.

உங்கள் ஊரில் 1935ஐ ஒட்டிப் பிறந்த பெத்தாமார் இன்னும் ஓரிருவர் இருப்பார்கள், இப்போது தொண்ணூறு வயது. மருந்தடிக்க வந்தவர்களையும் முதலாவது பள்ளிக்கூட நாளையும் பற்றி அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன். போடியார் வீட்டாரிடம் கேட்டாலும் சரிதான், ஆனால் வயற்காரர் வீட்டிலும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா