லேசர் மீயொலியால் ஹைட்ரோஃபோன் அளவுத்திருத்தம்: கேள்வி பதில்

கே: அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷினின் ஒலி அழுத்தத்தைத் தண்ணீருக்குள் அளக்கும் ஹைட்ரோஃபோன் சான்றிதழோடுதான் வருகிறது. பிறகு அதைத் திருத்த லேசர் எதற்கு?

ப: சான்றிதழ் எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது என்று முதலில் பாருங்கள். 20-லோ 40-லோ நின்றுவிடுவது சகஜம். 5 மெகாஹெர்ட்ஸ் புரோபின் வலுவான துடிப்பு தண்ணீரில் போகப் போக உருமாறி 10, 15, 20 என்று மேல் அதிர்வெண்களைச் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பகுதியில் ஹைட்ரோஃபோனின் உணர்திறனும் கட்டமும் (ஃபேஸ்) தெரியாவிட்டால் எதிர்மறை உச்ச அழுத்தம் தப்பாக வரும். ஒலியால் திசுவுக்குச் சேதம் வரும் அபாயத்தைக் காட்டும் எண்ணான மெக்கானிக்கல் இண்டெக்ஸைக் கணக்கிடுவதே அதிலிருந்துதான். அதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) வரம்பு 1.9, கண் ஸ்கேனுக்கு 0.23. மின்னழுத்தத்தில் அதிரும் பீசோ படிகத்தாலான வழக்கமான ஒலிமூலம் தன் ஒத்ததிர்வைச் சுற்றித்தான் நன்றாக ஒலிக்கும். லேசரின் ஒரே துடிப்பிலோ சில மெகாஹெர்ட்ஸ் முதல் 100 வரை கிடைக்கும்.

கே: ஒளி எப்படி ஒலியாகிறது?

ப: கண்ணாடித் தகட்டில் கார்பன் நானோகுழாய் கலந்த பி.டி.எம்.எஸ். சிலிகோனை மெல்லப் பூசி, அதன்மேல் 1064 நானோமீட்டர் என்.டி-யாக் லேசரைச் சில நானோவினாடி அடிக்கிறோம். கார்பன் சூடாகும், சிலிகோன் சட்டென்று விரியும், மெகாபாஸ்கல் அளவில் அழுத்த அலை கிளம்பும். பிரிட்டனில் டெடிங்டனிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் இத்தகைய மூலங்களை ஆராய்ந்திருக்கின்றன.

கே: அந்த அழுத்தம் எவ்வளவு என்பதே தெரியாதே?

ப: தெரிய வேண்டியதில்லை. இன்டர்ஃபெரோமீட்டரில் (ஒளியலைகளை ஒப்பிட்டு அசைவை அளக்கும் கருவி) திருத்திய மேற்கோள் (ரெஃபரன்ஸ்) ஹைட்ரோஃபோனை முதலில் வைத்து அளந்துவிட்டு, அதே இடத்தில் உங்களுடையதை வையுங்கள். உங்களுடையதின் அதிர்வெண் நிறமாலையை மேற்கோளின் நிறமாலையால் வகுத்து, அந்த விகிதத்தை மேற்கோளின் உணர்திறனால் பெருக்கினால் விடை. கடைசியில் மேற்கோளை மறுபடி வைத்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் இடைப்பட்ட அளவீடு செல்லாது. இன்டர்ஃபெரோமீட்டர் அளப்பது மிக நுண்ணிய அசைவு: 10 மெகாஹெர்ட்ஸில் 1 மெகாபாஸ்கல் என்றாலும் நீர்த்துகள் சுமார் 11 நானோமீட்டர்தான் நகரும்.

கே: பூச்சிலிருந்து ஹைட்ரோஃபோனுக்குத் தூரமும் லேசர் கற்றையின் அகலமும் எவ்வளவு?

ப: 15 மி.மீ. விட்டக் கற்றை, 7 மி.மீ. தூரம் நல்ல தொடக்கம். நேராக வரும் ஒலி அலை சுமார் 4.7 மைக்ரோவினாடியில் வரும், கற்றையின் விளிம்பிலிருந்து கிளம்பும் விளிம்பலை அதற்கு 2.2 மைக்ரோவினாடி பிந்தி வரும். அதற்குள் பதிவின் நேரச் சாளரத்தை மூடிவிடுங்கள். சாளரம் இவ்வளவு குறுகியது என்பதால் 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே முடிவை நம்ப வேண்டாம். தண்ணீர் அயனி நீக்கி, காற்று நீக்கியதாக இருக்கட்டும், வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: 40 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறது. ஹைட்ரோஃபோன் பழுதா?

ப: பெரும்பாலும் இல்லை. முதல் சந்தேகம் சாய்வு. 50 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 மைக்ரான்தான். 0.5 மி.மீ. உணரி 1 டிகிரி சாய்ந்தாலே 50-ல் பத்து சதவீதம் போகும், 100-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போகும். இரு அச்சிலும் சாய்த்துச் சாய்த்து, மொத்த உச்சத்தைப் பார்க்காமல் மேல் அதிர்வெண் பகுதி எங்கே அதிகமாகிறது என்று பார்த்து நிறுத்துங்கள்.

அடுத்தது ட்ரிக்கர், அதாவது பதிவைத் தொடங்கிவைக்கும் சைகை. லேசரின் சிங்க் வெளியீட்டில் ட்ரிக்கர் செய்து சராசரி எடுக்கிறீர்களா? அது வரும் நேரத்தில் 1 நானோவினாடி நடுக்கம் இருந்தால் 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 18 சதவீதம் சராசரியிலேயே கரைந்துவிடும். ஒளியில் ஒரு துளியைப் பிரித்து வேகமான ஃபோட்டோடையோடில் விழவைத்து அதிலிருந்து ட்ரிக்கர் எடுங்கள். துடிப்புக்குத் துடிப்பு மாறும் ஆற்றலையும் அதை வைத்தே சரிசெய்யலாம்.

பிறகு தூரம். தண்ணீரின் உறிஞ்சல் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். 100 மெகாஹெர்ட்ஸில் சென்டிமீட்டருக்கு 22 டெசிபெல். அரை மி.மீ. தள்ளி வைத்தால் 12 சதவீதப் பிழை. ஸ்கேலை நம்பாமல் அலை வந்துசேரும் நேரத்தை வைத்து இடத்தைப் பொருத்துங்கள்.

கே: ஒலி வரும் முன்பே, ட்ரிக்கர் ஆனவுடன் ஒரு கூர்முனை தெரிகிறதே?

ப: பூச்சைத் தாண்டிக் கசியும் ஒளி ஹைட்ரோஃபோனின் தங்க மின்முனையைச் சூடாக்குகிறது. நேரத்தால் விலகி நிற்பதால் வெட்டிவிடலாம். ஆனால் அந்தக் கூர்முனை ஹைட்ரோஃபோனின் சைகையைப் பெருக்கும் ப்ரீஆம்ப்ளிஃபையரைத் திணறடித்தால், ப்ரீஆம்ப்ளிஃபையர் மீள்வதற்குள் ஒலியும் வந்துவிடும். அப்போது பூச்சை அடர்த்தியாக்குவதே வழி.

கே: நாளாக நாளாக அழுத்தம் குறைகிறது.

ப: பூச்சு கருகுகிறது அல்லது கண்ணாடியை விட்டு உரிகிறது. கற்றையில் ஒரு புள்ளி மட்டும் சூடாக இருந்தால் அங்கேதான் தொடங்கும். ஆற்றலைப் படிப்படியாக ஏற்றுங்கள், வாரம் ஒருமுறை பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

கே: பச்சை லேசருக்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி போதுமா?

ப: 1064 என்று அதன் ஃபிரேமில் அச்சிட்டிருந்தால் மட்டும். பச்சை ஒளியின் 532 நானோமீட்டருக்கு மட்டும் ஆனது இங்கே காப்பாற்றாது. இது 4-ஆம் வகுப்பு லேசர், ஒளியும் கண்ணுக்குத் தெரியாது. தொட்டியின் சுவரிலிருந்து திரும்பும் கற்றையையும் மறையுங்கள்.