ஹாப்ஸை எப்போது போடுவது?

கேள்வி: நியூரம்பெர்க்கில் படிக்கிறேன். வீட்டில் 20 லிட்டர் பேல் ஏல் வகை பீர் காய்ச்சினேன். கொதி வந்ததுமே, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் மேக்னம் என்ற வகையை 30 கிராம் மொத்தமாகப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். கசப்பு நாக்கை இழுக்கிறது, மணம் துளியும் இல்லை. அடுத்த முறை ஹாப்ஸைக் கூட்டினால் மணம் வருமா?

பதில்: கூட்டாதீர்கள், கசப்புதான் கூடும்.

நான் ஜெர்மனியில் ஹாப்ஸ் விளையும் ஹாலர்டாவ் பகுதியில் ஒரு சின்ன பீர் ஆலையில் வேலை பார்க்கிறேன். செப்டம்பரில் அறுவடை வந்தால், ஹாப்ஸ் பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து பார்ப்பதுதான் முதல் வேலை. இதழ்களின் அடியிலிருந்து மஞ்சள் தூள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அதன் பெயர் லூபுலின். கசப்பு, மணம் இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன.

கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம், முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் சாற்றில் லேசில் கரையாது. கொதிக்கக் கொதிக்க அதன் அமைப்பு மாறும், அப்புறம்தான் கரைந்து கசக்கும். ஒரு மணி நேரம் கொதித்தாலும் ஏறக்குறைய கால் பங்குதான் கடைசியில் பீரில் கசப்பாகச் சேர்கிறது. பத்து நிமிடத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மணம் தரும் எண்ணெய்கள் இதற்கு நேர் எதிர், ஆவியோடு பறந்துவிடும். அன்று உங்கள் சமையலறை முழுக்க மணத்திருக்குமே? பீரில் இருந்திருக்க வேண்டிய மணம் அதுதான். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி போடுகிறோமே, அந்தக் கணக்குதான் இங்கேயும்.

அப்புறம், வகை. மேக்னம் இந்த ஹாலர்டாவிலேயே உருவானது. ஆல்ஃபா அமிலம் 12 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். சுத்தமான கசப்பு தரும், அவ்வளவுதான். மணத்துக்காக நான் அதைப் போட்டதே இல்லை. உங்கள் ஏலுக்கு 1972இல் அமெரிக்காவில் வெளியான காஸ்கேட் வாங்குங்கள். பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருகிற வாசனை அதில் இருக்கும்.

கொதியின் தொடக்கத்தில் மேக்னம் 15 கிராம் போதும். அடுப்பை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது காஸ்கேட் 25 கிராம். அணைத்தபின் சூடு 80 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் இன்னொரு 30 கிராம் போட்டு, இருபது நிமிடம் மூடி வையுங்கள். அந்தச் சூட்டில் கசப்பு அதிகம் ஏறாது, எண்ணெயும் தங்கும். நொதிப்பு அடங்கியபின் கடைசியாக ஒரு 30 கிராம், மூன்று நாள் ஊறட்டும். நான் ஒருமுறை இரண்டு வாரம் விட்டுவைத்தேன், பச்சைப் புல் வாடை ஏறிவிட்டது.

கேள்வி: பால்கனியில் வெயிலில் வைத்திருந்த பச்சை பாட்டில் பீரில் கெட்ட வாடை. பாட்டிலைச் சரியாகக் கழுவாததாலா?

பதில்: இல்லை, வெளிச்சம்தான் காரணம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து, கந்தகம் கலந்த நாற்றப் பொருளாகிறது. பச்சைக் கண்ணாடி இதைத் தடுக்காது, பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும். வாடை வந்த பீரைத் திருத்த வழியில்லை, கொட்டிவிடுங்கள்.