கொட்டேஷன் திறக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்ய வேண்டுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். பேப்பர் கட்டிங் மெஷின் வாங்கலாம் என்று சென்னை டீலர் ஒருவரிடம் கொட்டேஷன் கேட்டேன். பி.டி.எஃப். அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். எனக்கு வந்திருப்பதோ ‘வின்மெயில்.டேட்’ என்ற ஒரு ஃபைல் மட்டும். மெயில் பார்ப்பது தண்டர்பேர்டில். கம்ப்யூட்டர் கடையில் காட்டினால் வைரஸ் என்கிறார்கள். ஃபார்மேட் செய்து எம்.எஸ். ஆபீஸும் போட 9,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்தப் பெயரில் ஃபைல் வருவது வைரஸுக்கு அடையாளமே இல்லை. உங்கள் கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை.

டீலர் அவுட்லுக் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் புரோகிராமில் ‘ரிச் டெக்ஸ்ட்’ முறையில் மெயில் எழுதுகிறார். அப்படி எழுதினால் அவுட்லுக் எழுத்து அலங்காரத்தையும் இணைப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடும். டி.என்.இ.எஃப். என்பது அந்த மூட்டையின் பெயர். மைக்ரோசாஃப்டின் சொந்த முறை. எல்லா மெயில் புரோகிராமுக்கும் பொதுவான எம்.ஐ.எம்.இ. முறை 1992-லேயே வந்துவிட்டது. தண்டர்பேர்டுக்கு அது தெரியும். இந்த மூட்டையை மட்டும் தானாக அவிழ்க்கத் தெரியாது.

முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். நாலைந்து கே.பி.தான் என்றால் உள்ளே வெறும் எழுத்து அலங்காரம். கொட்டேஷனை இணைக்கவே மறந்திருக்கிறார். சில நூறு கே.பி. இருந்தால் உங்கள் பி.டி.எஃப். அதற்குள் பத்திரமாக இருக்கிறது.

சரிசெய்ய வேண்டியவர் டீலர்தான். டெஸ்க்டாப் அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய், மெயில் எழுதும் முறையை எச்.டி.எம்.எல். என்று மாற்றச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் கீழே, ரிச் டெக்ஸ்ட் மெயில் வெளியே போகும்போது என்ன செய்வது என்று ஒரு கேள்வி இருக்கும், அங்கும் எச்.டி.எம்.எல். பிறகும் அதே ஃபைல் வந்தால், முகவரி அடிக்கும்போது தானாக எட்டிப்பார்க்கும் உங்கள் பெயரை அழித்துவிட்டு முழு முகவரியையும் புதிதாக அடிக்கட்டும். பழைய அமைப்பு அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு.

அவசரம் என்றால் தண்டர்பேர்டுக்கு ‘லுக்அவுட்’ என்ற இலவச ஆட்-ஆன் (கூடுதலாகச் சேர்க்கும் வசதி) இருக்கிறது. உங்கள் பதிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துப் போடுங்கள். ஃபைலை ஏற்றினால் பிரித்துத் தரும் இணையதளங்களும் உண்டு. ஆனால் கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. எண், பேங்க் கணக்கு எல்லாம் இருக்கும். முன்பின் தெரியாத தளத்தில் அதை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

கடைக்காரரிடம் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் பில் கேளுங்கள். பில் தராமலிருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மகள் கல்யாணப் பத்திரிகையை வேர்டு ஃபைலாக மெயிலில் அனுப்பினார்கள். தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. எழுத்துரு சிடி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். ஆங்கில ‘ஜே’ இருக்கும் இடத்தில் ‘த’வின் உருவத்தை வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். அச்சகத்தாரிடம் பி.டி.எஃப்.பாகக் கேளுங்கள், எழுத்துருவும் கூடவே உள்ளே வந்துவிடும்.

ஃபைலில் நீங்களே திருத்த வேண்டுமானால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியதும் மாப்பிள்ளையின் படிப்பையும் மண்டப முகவரியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இடையில் ஆங்கிலத்தில் இருந்த பி.இ., எம்.பி.ஏ. எல்லாவற்றையும் அந்த மாற்றி, தமிழ் என்று நினைத்துக் குதறியிருக்கும்.