ஹோம் தியேட்டருக்கு எந்த கேபிள்? காசை எங்கே போடுவது?

கேள்வி: புது வீட்டு ஹாலில் 5.1 செட் வைக்கிறேன். 4கே டிவி, தனி ஏ.வி. ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் (அடிநாத ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்). பின்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் 12 மீட்டர் வயர் இழுக்க வேண்டும். கடையில் கேபிளுக்கு மட்டும் 16,000 ரூபாய் சொல்கிறார்கள். தங்க முலாம், ஆக்சிஜன் நீக்கிய காப்பர் என்று ஏதேதோ பட்டியலில் இருக்கிறது. இவ்வளவும் தேவையா? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தேவையில்லை. அந்தப் பட்டியலில் நீங்கள் யோசித்து வாங்க வேண்டியது ஸ்பீக்கர் வயர் ஒன்றைத்தான். மற்றதெல்லாம் சரியான வகையாக இருந்தால் போதும்.

ஸ்பீக்கர் வயரில் பார்க்க வேண்டியவை இரண்டு: கனம், அப்புறம் அது நிஜமாகவே காப்பர்தானா என்பது. 12 மீட்டர் தூரம் என்றால் கரண்ட் போய்த் திரும்ப 24 மீட்டர் கம்பி. சில செட்டுகளோடு வரும் 0.5 ஸ்கொயர் எம்எம் ஒல்லி வயரில் அதன் தடை சுமார் 0.83 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது பத்தில் ஒரு பங்கு, பேஸ் (அடிநாத ஒலி) தளர்ந்துபோகும். வயரின் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 1.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.28 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தாராளம். ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம் என்று போட்டிருந்தால் 2.5 வாங்குங்கள். முன்பக்க ஸ்பீக்கர்கள் ரிசீவருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவற்றுக்கு 1.5-க்கு மேல் போக வேண்டாம்.

ஏமாற்று வேலை நடக்கும் இடம் அடுத்தது. அலுமினியக் கம்பிக்கு மேலே காப்பர் பூசி, 'சிசிஏ' என்று பொடி எழுத்தில் போட்டு விற்பார்கள். சில சமயம் அதையும் போடமாட்டார்கள். காப்பர் கடத்துவதில் அறுபது சதவீதம் சொச்சம்தான் அலுமினியம் கடத்தும். முனையும் சீக்கிரம் ஒடிந்துவிடும். கடையிலேயே ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே வெள்ளையாக இருந்து சுரண்டினால் சிவப்பு வந்தால் பயமில்லை, அது வெள்ளீயம் பூசிய நல்ல காப்பர். 'ஆக்சிஜன் நீக்கிய' என்ற விசேஷத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சாதாரண மின்கம்பிக் காப்பரும் ஏறக்குறைய அதே அளவு கடத்தும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. எலெக்ட்ரிக்கல் கடையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு கிடைக்கும் இரண்டு கோர் ஃபிளெக்சிபிள் காப்பர் வயரே இந்த வேலைக்குப் போதும். சுவருக்குள் பைப்பில் போகிறது என்றால் இரண்டு முனையிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள், நாளைக்கு வேறொரு எலெக்ட்ரீஷியன் வந்து அதில் 230 வோல்ட் கொடுத்துவிடப் போகிறார். மெயின்ஸ் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கவும் வேண்டாம்.

டிவியையும் ரிசீவரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் சரியில்லை என்றால் திரையில் புள்ளி புள்ளியாக மின்னும், படம் கறுத்துப்போகும், சத்தம் விட்டு விட்டு வரும். 'கொஞ்சம் இனிமை குறைவு' என்ற நிலையே இதில் கிடையாது. தங்க முலாம் முனை துருப்பிடிக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான். 4கே 60-க்கு (நொடிக்கு 60 ஃபிரேம்) 18 ஜிபிபிஎஸ் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' போதும். 4கே 120-இல் கேம் ஆடுபவர்களுக்கு மட்டும் 48 ஜிபிபிஎஸ் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' வேண்டும். இரண்டுக்குமே பெட்டியில் ஸ்கேன் செய்து பார்க்கிற மாதிரி சான்றிதழ் ஸ்டிக்கர் இருக்கும்.

டிவியில் ஓடும் ஓடிடி ஆப்களின் சத்தம் ரிசீவருக்கு வர, இரண்டிலும் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளைகளை இணையுங்கள். படத்துக்குப் போகும் அதே கேபிள்தான் சத்தத்தையும் திருப்பிக் கொண்டுவரும். டிவி மெனுவில் சிஇசியை (எச்டிஎம்ஐயில் இணைத்த கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் செய்து, ஆடியோ அவுட்புட்டை 'பிசிஎம்'-இலிருந்து (டிவி பெரும்பாலும் இரண்டு சேனலாக்கி அனுப்பும் முறை) 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ் த்ரூ'வுக்கு (வந்த சத்தத்தை அப்படியே அனுப்பும் முறை) மாற்றுங்கள். பின்பக்க ஸ்பீக்கர் பாடவில்லை என்று வரும் புகார்களில் பலவும் இந்த ஒரு செட்டிங்கில் தீர்ந்துவிடும். ஒளி வழியாகச் சத்தத்தை மட்டும் கொண்டுபோகும் ஆப்டிகல் கேபிள் ஏஆர்சி இல்லாத பழைய டிவிக்குத்தான். அதில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரை போகும்; அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி வகை) போகாது. உங்கள் பட்டியலில் ஆப்டிகல் கேபிள் இருந்தால் அடித்துவிடலாம்.

இணைக்கும்போது வயர் முனையை ஒரு சென்டிமீட்டர் உரித்து, இழைகளை நன்றாக முறுக்கிச் செருகுங்கள். ஒரு இழை பக்கத்து முனையில் பட்டாலும் ரிசீவர் 'புரொடெக்ட்' என்று காட்டி நின்றுவிடும். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. முன்பக்கத்தில் ஒன்று மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும். ரிசீவரை ஸ்டீரியோவில் வைத்து செய்தி சேனல் போட்டுப் பாருங்கள். வாசிப்பவர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் கேட்க வேண்டும்.

சப்வூஃபருக்கு ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள ஒற்றை ஆர்சிஏ கேபிள் (நடுவில் ஊசி உள்ள வட்ட முனைக் கேபிள்) போதும். 'ம்ம்ம்' என்று இரைந்தால் கேபிளை மாற்ற ஓடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பவர் போர்டில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் இரைந்தால் செட்டாப் பாக்ஸுக்கு வெளியிலிருந்து வரும் வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் கோளாறு அந்த வயர் வழியாக வரும் எர்த்தில்தான்.