பாயசம் மணக்கும் அத்தர்: கேட்டதும் சொன்னதும்

இயற்கைச் சரக்கை மட்டும் வைத்துப் பல வருடமாக அத்தர் கலக்கிறேன். பலகார வாசனை, பால் வாசனை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, வெனிலாவை எவ்வளவு கூட்டினாலும் கேக் கடை வாசனைதான் வருகிறது. பாலின் கொழுகொழுப்பு வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

வெனிலா தருவது இனிப்பு, பால் தருவது சந்தனம். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் எல்லோரும் வெனிலாவை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். நல்ல சந்தன எண்ணெயில் பெரும்பங்கு சாண்டலால் என்ற வாசனைப் பொருள், அதன் மணமே காய்ச்சி ஆறிய பால் மாதிரி மெத்தென்று இருக்கும். கலவையில் பாதிக்குக் குறையாமல் சந்தனத்தை வையுங்கள், வெனிலாவை அதன் மேல் வரும் சர்க்கரையாக நினையுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும், அமிரிஸ் எண்ணெயை 'மேற்கிந்திய சந்தனம்' என்று விற்பார்கள், அது வேறு மரம். ஆஸ்திரேலியாவின் ஸ்பிகேட்டம் வகையும் சந்தனம்தான், ஆனால் கொஞ்சம் வறண்டிருக்கும், இந்தப் பால்தன்மை அதில் குறைவு. ஆஸ்திரேலியாவிலேயே நம் ஊர் ஆல்பம் வகையைத் தோட்டமாக வளர்க்கிறார்கள், அது கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

பூஜைக்கு வாங்கும் சாம்பிராணியைக் கரைத்துச் சேர்க்கலாமா?

அசல் என்றால் சேர்க்கலாம். சாம்பிராணி என்பது பென்சாயின் பிசின், சுமத்ராவில் ஸ்டைராக்ஸ் மரத்தைக் கீறி எடுப்பது. கம்ப்யூட்டர் சாம்பிராணி வேண்டவே வேண்டாம், அதில் கரித்தூளும் வேறு என்னென்னவோ இருக்கிறது. கட்டியாக வாங்கி உடைத்துப் பாருங்கள். பழுப்புக்குள் பாதாம் பருப்பு பதித்தது போல வெள்ளைத் துண்டுகள் தெரிய வேண்டும், உள்ளங்கையில் தேய்த்தால் லேசான இனிப்பு வர வேண்டும். பொடித்து எத்தனாலில் (சுத்தச் சாராயத்தில்) போட்டு ஒரு வாரம் வைத்தால் பெரும்பகுதி கரைந்துவிடும். அடியில் நிறைய தங்கினால் குங்கிலியமோ வேறு ஏதோ கலந்திருக்கலாம் என்று நான் சந்தேகப்படுவேன். லாவோஸ் பக்கத்திலிருந்து வரும் சயாம் பென்சாயின் இன்னும் மென்மை, வெனிலாவுக்கு ரொம்ப நெருக்கம். பலகார அத்தருக்கு நான் எடுப்பது அதைத்தான்.

ஜொஜோபா எண்ணெயில் வெனிலா கரையாமல் அடியில் பழுப்பாகத் தங்குகிறது.

தங்கத்தான் செய்யும், அதற்குச் சாராயம்தான் ஒத்துவரும். நானும் முதலில் பத்து ரோல்-ஆன் குப்பி நிரப்பி வைத்து, மறுநாள் பார்த்தால் எல்லாவற்றின் அடியிலும் சேறு. சூடு பண்ணினேன், கரைந்தது, ஆறினதும் திரும்பவும் பிரிந்தது. அதிலிருந்து வெனிலா, டோங்கா (வெனிலா போல மணக்கும் ஒரு கொட்டை), பிசின் மூன்றும் இருந்தால் எத்தனால்தான். எண்ணெயில்தான் வேண்டும் என்றால் காய்ந்த வெனிலா காயைப் பொடியாக நறுக்கி ஜொஜோபாவில் இரண்டு மாதம் ஊறவைத்து வடிகட்டுங்கள், மணம் லேசாகத்தான் இருக்கும், ஆனால் பிரியாது. எத்தனால் டிங்சர், அதாவது சாராய ஊறல் என்றால் 100 மில்லிக்கு 10 கிராம் காய், தினம் ஒரு குலுக்கு. சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள்.

அளவோடு ஒரு கலவை சொல்லுங்கள், பால் பாயசம் மாதிரி.

சரி. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும், சொட்டுக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சந்தனம் 0.55 கிராம், சயாம் பென்சாயின் 0.15, வெனிலா அப்சொல்யூட் (கரைப்பானால் எடுக்கும் செறிவான சாறு) 0.12, டோங்கா அப்சொல்யூட் 0.08, குண்டுமல்லி அப்சொல்யூட் 0.06, ஏலக்காய் 0.04. மொத்தம் 1 கிராம், இதை 9 கிராம் எத்தனாலில் விட்டு மூடி இருட்டில் வையுங்கள். முதல் நாள் காகிதப் பட்டையில் நனைத்து முகர்ந்தால் ஏலக்காய் மட்டும் முந்திக்கொண்டு நிற்கும், பயந்து எதையும் மேலே ஊற்றாதீர்கள். மூன்றாவது வாரம் புதுப் பட்டையை நனைத்து ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள், ஏலக்காய் பின்னால் போய்ப் பாலும் மல்லியும் ஒன்றாகிச் சட்டியின் ஓரத்தில் ஏடு ஒட்டியிருப்பது போல இருக்கும். அந்த வாசனைக்காக நான் எத்தனை வாரமும் காத்திருப்பேன். மல்லியைக் கூட்டினால் பாயசம் போய்ப் பூக்கடை ஆகிவிடும், அந்த 0.06-ஐத் தாண்டாதீர்கள். கலவை பழுப்பாக இருக்கும், வெள்ளைத் துணியில் கறை விடும்.

பால்கோவா வேண்டுமென்றால்?

அதில் மல்லியை எடுத்துவிட்டுக் கொக்கோ அப்சொல்யூட் 0.05, காபி 0.01. பால் சுண்டும்போது அடியில் லேசாகப் பிடிக்குமே, அந்த வறுபட்ட மணம் காபியிலிருந்துதான் வரும்.

தேங்காய்ப்பால் வாசனைக்கு மசோயா எண்ணெய் வாங்கலாமா?

நியூகினி மரப்பட்டையிலிருந்து வருவது, அச்சு அசல் தேங்காய்தான், ஆனால் அதிலுள்ள லாக்டோன் என்ற வாசனைப் பொருள் தோலை எரிக்கும். தோலில் பூசும் எதிலும் நான் சேர்ப்பதில்லை. அதற்குப் பதில் நிலசம்பங்கி அப்சொல்யூட்டை 10 சதவீதமாக நீர்த்து மிகக் கொஞ்சம் சேருங்கள். அதிலும் லாக்டோன் உண்டு, சந்தனத்தோடு சேர்ந்தால் தேங்காய்ப்பால் பக்கம் சாயும். சமையல் தேங்காய் எண்ணெயை ஊற்றினால் நாளடைவில் சிக்கு வாடை வந்துவிடும்.

பெரு பால்சம் என்ற மரப்பிசினும் பலகார வாசனை என்கிறார்களே?

மணம் அருமை, ஒவ்வாமை கொடுப்பதில் பேர்போனது. கச்சாப் பால்சத்தை வாசனைப் பொருளில் சேர்க்கக் கூடாது என்றே உலக வாசனைத் தொழில் அமைப்பான இஃப்ராவின் விதி இருக்கிறது. பென்சாயினே போதும். அப்புறம் எந்தக் கலவையானாலும் முழங்கை மடிப்பில் துளி தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுக் கழுத்துக்குப் போங்கள், குழந்தைகளுக்குப் பூச வேண்டாம்.